காலையில் என்ன குடித்தீர்கள்?

"குடிப்பழக்கம் உண்டா?"

2020 செப்டம்பர் முதல் நவம்பருக்குள் இந்தக் கேள்வியை ஐந்து பேர் அவரிடம் கேட்டுவிட்டார்கள். மும்பை செம்பூரில் வசிக்கும் அவருக்கு அப்போது வயது 58. மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கல்யாணமாகி ரயிலேறி வந்தவர். முதல் தடவை கேட்டபோது சிரித்துவிட்டார். இரண்டாவது தடவை இல்லை என்றார். மூன்றாவது தடவை கோபம் வந்தது. ஐந்தாவதாகக் கேட்டவர் ரத்தம் எடுக்க வந்த பையன். அவனுக்கு அவர் பதிலே சொல்லவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கேட்டவர்களையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த காகிதம் அப்படி. கல்லீரல் என்சைம்கள் ஏறியிருக்கின்றன என்றால் இந்தியாவில் முதலில் சந்தேகப்படுவது சாராயத்தைத்தான். ஆனால் அந்தக் காகிதத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்திருந்தால் அந்தக் கேள்வியை ஒரு தடவையோடு நிறுத்தியிருக்கலாம். எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு எண்கள் அதில் இருக்கும். குடியால் கெட்ட ஈரலில் பொதுவாக முதல் எண் இரண்டாவதைப்போல் இரு மடங்கு இருக்கும். இரண்டும் சில நூறுகளைத் தாண்டுவதும் அபூர்வம். இவருக்கு இரண்டாவது எண்தான் அதிகம்.

இந்த எண்களின் கதையே சற்று விசித்திரமானது. ஈரலின் செல்களுக்குள் இருந்துகொண்டு வேலை செய்யவேண்டிய பொருள்கள் இவை. செல் அடிபட்டால் வெளியே கசிந்து ரத்தத்தில் கலக்கின்றன. 1954-ல் அமெரிக்க டாக்டர்கள் எஸ்.ஜி.ஓ.டி.யை முதலில் அளந்து காட்டியது மாரடைப்பு வந்தவர்களிடம். ஈரலுக்கு அது வந்துசேர்ந்தது பிறகுதான். இதயத்திலும் தசையிலும்கூட அது இருக்கிறது. வீட்டில் எங்கோ குழாய் ஒழுகுகிறது என்பதைத் தண்ணீர் பில் சொல்லும், எந்தக் குழாய், ஏன் என்பதைச் சொல்லாது. இந்த எண்களும் அந்த வகைதான். இத்தனைக்கும் 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' என்று பெயர். ஈரல் உண்மையில் வேலை செய்கிறதா என்பதைச் சொல்வது ஆல்புமினும், ரத்தம் உறைய ஆகும் நேரமும்தான்.

விஷயம் வெளியே வந்தது தற்செயலாக. இருபது வருடமாக தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் அவர். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிற ரகம் அவருடையது. ஊரடங்கில் ஆறு மாதம் தள்ளிப்போட்ட பரிசோதனையை செப்டம்பரில் செய்துகொண்டபோது, பரிசோதனைக் கூடம் ஒரே விலையில் கொடுத்த 'பேக்கேஜி'ல் ஈரலும் இருந்தது. 40-க்குள் இருக்கவேண்டிய எஸ்.ஜி.பி.டி. 186. அசதி கொஞ்சம் இருந்தது. சாப்பாட்டைப் பார்த்தால் ஒரு வெறுப்பு. அந்த வருடம் யாருக்குத்தான் அசதி இல்லை?

பக்கத்து டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். 'கொழுப்பு படிந்த ஈரல், முதல் நிலை' என்று வந்தது. எல்லோருக்கும் நிம்மதி. காரணம் கிடைத்துவிட்டது! எண்ணெயைக் குறையுங்கள், நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார்கள். நகரத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தால் பலருடைய ஈரலிலும் கொழுப்பு தெரியும். அது இருப்பது உண்மை. அதுதான் காரணம் என்பது வேறு விஷயம். தேடிப் போகிறவர் பாதி வழியில் பார்க்கக் கிடைக்கிற முதல் பொருளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடக்கிறது.

அக்டோபர் கடைசியில் கண் மஞ்சளாயிற்று. சிறுநீர் கறுத்த தேநீர் நிறம். எஸ்.ஜி.பி.டி. 1,124. பிலிருபின் 9.4. கொழுப்பு படிந்த ஈரல் ஆயிரத்தைத் தொடவைக்காது என்பது எந்த டாக்டருக்கும் தெரியும். கொரோனா நோயாளிகளுக்கு நடுவே ஒரு படுக்கை தேடிப்பிடித்து, ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

அங்கே தேடல் முறைப்படி தொடங்கியது. மஞ்சள் காமாலை என்றால் முதல் சந்தேகம் தண்ணீர் மேல். நியாயம்தான். 1955-56-ல் தில்லியில் யமுனையின் குடிநீரில் சாக்கடை கலந்து 29 ஆயிரம் பேருக்கு மேல் மஞ்சள் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் 'இ' வைரஸின் வேலை என்பது பல வருடங்களுக்குப் பிறகே தெரிந்தது. 'ஏ'யும் 'இ'யும் இன்றும் நம் குழாய்களை விட்டுப் போகவில்லை. செய்தி குடியிருப்புக்கு எட்டியதும் சொசைட்டி செயலாளர் அவசரமாக ஆள் அனுப்பி, மொட்டை மாடித் தொட்டியைக் கழுவவைத்தார். மூன்று வருடமாகக் கேட்டும் நடக்காதது அந்த ஒரு நாளில் நடந்தது என்று பிறகு அவரே சொல்லிச் சிரித்தார். 'ஏ' இல்லை, 'இ' இல்லை.

அடுத்தது 'பி', 'சி'. இது அவருக்குக் கலக்கமான இரண்டு நாள். 1987-ல் மகன் பிறந்தபோது அதிக ரத்தப்போக்கு ஏற்பட்டு, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியிருந்தார்கள். 'சி' வைரஸே 1989-ல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்கு முன்னால் ஏற்றிய ரத்தத்தில் அதைத் தேடியிருக்க யாராலும் முடியாது. முப்பத்து மூன்று வருடம் கழித்து அந்த பாட்டில்களை நினைத்துக்கொண்டு, பேத்தியைத் தூக்கி வைத்துக்கொண்டதெல்லாம் தப்போ என்று இரவு முழுவதும் விழித்துக்கிடந்தார். ('பி'யும் 'சி'யும் தூக்கிக் கொஞ்சுவதால் பரவாது. அதை அவரிடம் யாராவது சொல்லியிருக்கலாம்.) அவையும் இல்லை. கொரோனாவும் இல்லை. பித்தக் குழாயில் கல் இல்லை.

கடைசியில் ஒரு பரிசோதனையில் ஏதோ சிக்கியது. ஏ.என்.ஏ. என்கிற எதிர்ப்பொருள் இருந்தது, ஐ.ஜி.ஜி. அளவும் கூடியிருந்தது. கழுத்துவரை மஞ்சளாகிக் கிடந்தவரிடம் ஒரு புதுப் பெயர் சொல்லப்பட்டது: ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். உடம்பின் காவல்காரனே தன் வீட்டு ஈரலைத் தாக்குகிற நோய். நடுவயதுப் பெண்களை அதிகம் பிடிப்பது. ஏற்கனவே தைராய்டில் அதே கதை இருப்பதால் எல்லாம் பொருந்திவந்தது. ஸ்டீராய்டு, கூடவே அசத்தியோப்ரின். எவ்வளவு நாள்? வருடக்கணக்கில், ஒருவேளை ஆயுள் முழுவதும்.

இங்கேதான் காரணம் என்ன என்பது வெறும் அறிவு தாகமாக இல்லாமல் ஆகிறது. அந்த நோய்தான் என்றால் காலம் முழுவதும் மாத்திரை. ஸ்டீராய்டு தரும் சர்க்கரை, எலும்புத் தேய்வு, தொற்று. கொரோனா சுற்றிக்கொண்டிருந்த வருடத்தில் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து என்பது சாதாரண விஷயமில்லை. வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்று ஈரலைக் கிளறிவிட்டது என்றால், அதை நிறுத்தினால் போதும், அதிகபட்சம் சில மாத சிகிச்சை. தொல்லை என்னவென்றால், ரத்தத்திலும் சரி, ஊசி போட்டு எடுத்த ஈரல் துணுக்கிலும் சரி, இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். பிரித்துச் சொல்லும் ஒரே பரிசோதனை நோயாளியிடம் கேட்பது.

கேட்காமல் இல்லை. சேர்த்த அன்றே கேட்டார்கள். "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" "தைராய்டு மாத்திரை மட்டும்." மறுநாள் பெரிய டாக்டர் வந்தபோது, "ஆயுர்வேத மருந்து?" "இல்லை." மூன்றாம் நாள் காச நோய் மாத்திரை, வலி மாத்திரை, பாராசிட்டமால் என்று பெயர் பெயராகக் கேட்டார்கள். அதற்கும் இல்லை. ஒன்றிலும் பொய் இல்லை.

நான்காம் நாள் காலை வந்தவர் பயிற்சியிலிருந்த ஓர் இளம் பெண் டாக்டர், மராத்திக்காரர். தலை முதல் கால் வரை கவச உடை, அதற்குள்ளிருந்து கண் மட்டும் தெரிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அதுவே அந்த நாட்களில் அபூர்வம். மருந்து என்ற சொல்லையே அவர் எடுக்கவில்லை.

"மாவ்ஷி, காலையில் எழுந்ததும் முதலில் என்ன குடிப்பீர்கள்?"

"கஷாயம். அதற்கப்புறம்தான் காபி."

"காடாவா? என்ன போடுவீர்கள்?"

"அதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர்தான் போடுவார்." கைநீட்டிக் காட்டினார். படுக்கை ஓரத்தில் சின்ன ஸ்டீல் ஃபிளாஸ்க் இருந்தது. கணவருக்கு மாடி ஏற அனுமதி இல்லை. தினமும் காலை ஏழு மணிக்கு வாசலில் காவலாளியிடம் இட்லிப் பொட்டலத்துடன் அதையும் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மருத்துவமனையில் சேர்ந்த பிறகும் அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

டாக்டர் அங்கிருந்தே போன் போட்டார். ரயில்வேயில் கணக்கு இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர் கணவர். எதையும் அளந்து செய்கிறவர். டாக்டரே கூப்பிட்டுக் கஷாயத்தைப் பற்றி விசாரிக்கிறாரே என்று அவருக்கு மகிழ்ச்சி. விவரமாகச் சொன்னார். மே மாதம் நண்பர் ஒருவர் கொடுத்த சீந்தில் தண்டு. பால்கனித் தொட்டியில் நட்டது, கிரில் கம்பி முழுவதும் படர்ந்துவிட்டது. ஒரு ஜாண் தண்டை நசுக்கி, மிளகு, சுக்கு சேர்த்து, இரண்டு டம்ளர் தண்ணீர் விட்டு அரை டம்ளராகச் சுண்டவைப்பது. ஜூன் முதல் தேதியிலிருந்து ஆளுக்குப் பாதி. இல்லை, அவளுக்கு உடம்பு பலவீனம் என்பதால் முக்கால் பங்கு அவளுக்கு. செப்டம்பரில் ஈரல் கோளாறு என்று தெரிந்ததும்?

"இரண்டு வேளையாக்கிவிட்டேன், டாக்டர். ஈரலுக்கு நல்லது என்று எல்லோரும் சொன்னார்கள்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு டாக்டர், நாளை ஃபிளாஸ்க் அனுப்பவேண்டாம், இட்லி மட்டும் போதும் என்றார். கணக்கு இலாகாக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

சீந்திலை இந்தியில் கிலோய் என்பார்கள், மராத்தியில் குள்வேல், சமஸ்கிருதத்தில் குடூசி. அமிர்தா என்றும் ஒரு பெயர். வெட்டிப்போட்ட தண்டுகூட நாள்கணக்கில் வாடாமல் விழுது விடும், அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல. தமிழ்நாட்டில் அந்த வருடம் வீடு வீடாகப் போன கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் சீந்திலும் ஒன்று. 2020 அக்டோபரில் மத்திய ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட கொரோனா சிகிச்சை நெறிமுறையிலும் குடூசி இருந்தது. ஆக, அவர் கணவர் செய்தது வாட்ஸ்அப் கிறுக்குத்தனம் அல்ல. அரசாங்கம் சொன்னது, தாத்தா சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது எல்லாம் ஒன்றாக இருந்த அபூர்வமான காலம் அது.

மருந்தால் ஈரல் கெட்டதா என்று கண்டுபிடிக்க 1993-ல் வந்த மதிப்பெண் முறை ஒன்று உண்டு. எப்போது ஆரம்பித்தார், எப்போது நோய் வந்தது, நிறுத்தியதும் எவ்வளவு வேகமாகக் குறைகிறது, மற்ற காரணங்களை ஒதுக்கியாயிற்றா என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவது. நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய டீச்சர் போலத்தான் மருத்துவமும் இங்கே வேலை செய்கிறது. இது தவிர, இன்ன பொருள்தான் குற்றவாளி என்று காட்டுகிற ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. ஃபிளாஸ்க் நின்ற ஐந்தாம் நாள் எஸ்.ஜி.பி.டி. 870. மஞ்சள் மட்டும் மெதுவாகவே இறங்கியதால், ஈரல் துணுக்கைப் பார்த்த பிறகு ஸ்டீராய்டும் ஆரம்பித்தார்கள். டிசம்பர் நடுவில் 88. பொங்கலுக்கு 34.

அவர் தனியாள் இல்லை. 2020 செப்டம்பரிலிருந்து டிசம்பருக்குள் சீந்தில் குடித்து ஈரல் கெட்டு வந்த ஆறு பேரைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். (அந்த ஆறு பேரில் இவர் இல்லை.) அவர்களிலும் சிலருக்கு தைராய்டு போன்ற, எதிர்ப்பு சக்தி தன்னையே தாக்கும் கோளாறுகள் இருந்தன. ஜூலையில் ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. குடித்தது அசல் சீந்தில்தானா, அதே ஜாடையில் இருக்கும் வேறொரு கொடியா என்று ஆய்வு செய்யாமல் எழுதிவிட்டார்கள் என்பது அமைச்சகத்தின் வாதம். நியாயமான கேள்வி. 2022-ல் நாட்டின் 13 மருத்துவ மையங்களிலிருந்து 43 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி மற்றொரு ஆய்வு வந்தது. நோயாளிகளிடமிருந்து வாங்கிய மாதிரிகளையும் ஆய்வகத்தில் சோதித்திருந்தார்கள். பெரும்பாலானோரின் நோய், ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸை உரித்துவைத்ததுபோல் இருந்தது.

லட்சக்கணக்கானோர் குடித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே தொட்டி, அதே பாத்திரம், அதே கஷாயத்தைக் குடித்த அவர் கணவருக்கு எஸ்.ஜி.பி.டி. 22. 'எதிர்ப்பு சக்தியை ஏற்றும்' என்று சொல்லித்தான் அதை விற்றார்கள், கொடுத்தார்கள். ஏற்கனவே தன் தைராய்டையே அடித்துக்கொண்டிருக்கிற எதிர்ப்பு சக்தியை இன்னும் ஏற்றினால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. ஏற்றுவது எல்லோருக்கும் நல்லது என்பது பேட்டரிக்குப் பொருந்தலாம்.

அந்த வீட்டுச் செடி அசல் சீந்தில்தானா? இனி அது தெரிய வழியில்லை. போன் வந்த அன்று இரவே கணவர் அதை வேரோடு பிடுங்கி, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, மூன்று கவர்களில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டார். அதைக் கேட்டு அந்த இளம் டாக்டருக்கு வருத்தம். ஒரு துண்டையாவது வைத்திருக்கக்கூடாதா என்றார். மருந்தே காரணம் என்பது உறுதியாக இன்னொரு வருடம் ஆயிற்று. தானாக வருகிற ஆட்டோஇம்யூன் நோய் ஸ்டீராய்டை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பி வரும். இவருக்கு 2021 ஜூலையில் நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்கிறார்கள். எண்கள் இன்றுவரை நாற்பதைத் தாண்டவில்லை.

நோயாளி கணவரைத் திட்டவில்லை. அவர் கோபமெல்லாம் அந்த ஐந்து பேர் மேல்தான். கணவர்தான் ஒரு மாதம் சமையலறைப் பக்கமே போகாமல் இருந்தார். காபி போடுவதற்குக்கூடக் கேட்டுக்கொண்டு நின்றார். மகன் புனேயிலிருந்து போனில் ஏதோ கடுமையாகச் சொல்லியிருப்பான் போலிருக்கிறது. அதற்கு அம்மா, "உங்கப்பா கொடுக்கலைன்னா கபசுரக் குடிநீர்னு உன் பெரியம்மா அனுப்பியிருப்பா. அதை நானே போட்டுக் குடிச்சிருப்பேன். பேசாம இரு" என்று வைத்துவிட்டார்.

அவர் கவலை வேறு. வீட்டுக்கு வந்த மறுநாள், தலையணையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "என்னங்க, அந்தக் கொடியை யார் யாருக்குக் கொடுத்தீங்க?"

கணக்குக்காரர் குறித்து வைத்திருந்தார். அதே குடியிருப்பில் ஒன்பது வீடு. ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை ஈரத்துணியில் தண்டைச் சுற்றி, எப்படி நசுக்குவது, எவ்வளவு சுண்டவைப்பது என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். "நீங்கதான் கொடுத்தீங்க. நீங்கதான் போய்ச் சொல்லணும்" என்றார் மனைவி.

முகக்கவசத்துடன், கையில் மருத்துவமனை ரிப்போர்ட்டின் ஜெராக்ஸ் பிரதியுடன், ஒன்பது கதவையும் தட்டினார். ஒரு வீட்டில் செடி எப்போதோ பட்டுப்போயிருந்தது. மூன்று வீட்டில் உடனே நிறுத்தினார்கள். இரண்டு பேர் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார்கள். ஒன்றும் ஆகாமல் இருக்கலாம், தைராய்டோ மூட்டுவாதமோ உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மட்டும் ஒரு தடவை ரத்தம் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். ஒரு வீட்டில் நாட்டு வைத்தியத்தைக் கேவலப்படுத்த வந்துவிட்டாரா என்று அரை மணி நேரம் வாதாடினார்கள். இன்னொரு வீட்டில் ஆளில்லை, ஊருக்குப் போயிருந்தார்கள். போன் நம்பர் வாங்கி, அன்று இரவே பேசினார்.

ஒன்பதாவது, நான்காவது மாடி குஜராத்திக் குடும்பம். மாமியார் கதவைத் திறந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவள் அவள்தான். இரண்டு மாதமாக அசதி என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். பரிசோதனைக் கூடத்தின் போன் நம்பரை அவர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. எஸ்.ஜி.பி.டி. 212.